மிலோ (ஹைட்டி): சிட்டாடெல் கோட்டை அடிவார ஊருக்குப் போக என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

நடைவண்டி எழுதியது:

ஹைட்டியின் வடக்கே மிலோ என்ற சிற்றூர். ஊருக்குள் சான்-சூசி அரண்மனை இடிபாடு, ஊருக்கு மேலே மலையுச்சியில் சிட்டாடெல் கோட்டை. இரண்டு பேர், இந்தியக் கடவுச்சீட்டு, அமெரிக்க விசா உண்டு. ஒருவர் சுத்த சைவம். நாலு கேள்வி:

எந்த வழியாகப் போவது? குதிரை அவசியமா, நடந்தே ஏறலாமா? சாப்பாட்டுக்கு என்ன செய்வது? ஓகாப்பில் (காப்-ஹைட்டியன் நகரில்) தங்கிக் காலையில் போய் மாலையில் திரும்புவது நல்லதா, மிலோவிலேயே ஓர் இரவு தங்குவதா?

"போகவே வேண்டாம்" என்பவர்களும் எழுதலாம். ஆனால் காரணத்தோடு எழுதுங்கள்.

---

வடகரை எழுதியது:

வழியிலிருந்து தொடங்குவோம், அதில்தான் பலர் தப்பு செய்கிறார்கள். வரைபடத்தில் தலைநகர் போர்ட்டோ பிரான்ஸிலிருந்து வடக்கே ஒரு நெடுஞ்சாலை தெரியும். அதை மறந்துவிடுங்கள். தலைநகரையும் அதிலிருந்து வெளியேறும் சாலைகளையும் ஆயுதக் கும்பல்கள் மறித்து வைத்திருக்கின்றன. 2024 நவம்பரில் அங்கே தரையிறங்க வந்த விமானங்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அதன்பின் அமெரிக்க விமானங்கள் அங்கே போகத் தடை வந்தது. மிலோ போகிறவருக்கு நுழைவாயில் ஒன்றுதான்: காப்-ஹைட்டியன், உள்ளூர்ப் பேச்சில் "ஓகாப்". விமான நிலையக் குறியீடு சிஏபி. 2013-இல் ஊகோ சாவேஸ் பெயரை வைத்தார்கள். தென் ஃப்ளோரிடாவிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பறப்பு.

பயணச்சீட்டு எடுக்கும்போது இடைநிறுத்தம் போர்ட்டோ பிரான்ஸ் என்று இருந்தால் வாங்காதீர்கள். விலை குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

டொமினிக்கன் பக்கமிருந்து தரைவழியாக வரும் பாதை டஹபோன் – வானமென்த் எல்லைப் பாலம். 2023 செப்டம்பரில், ஆற்றில் ஹைட்டி வெட்டிய கால்வாயைக் காரணம் சொல்லி டொமினிக்கன் அரசு எல்லையையே மூடியது. அதிலிருந்து அந்த வாசல் எப்போது யாருக்குத் திறக்கும் என்று நம்பித் திட்டம் போட முடியாது. பழைய பயணக் கையேடுகளில் உள்ள "சந்தியாகோ – ஓகாப் பேருந்து" வரியைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

ஹைட்டிக்குள் இந்தியக் கடவுச்சீட்டுக்கு 90 நாள் வரை முன்விசா வேண்டாம். வந்திறங்கியதும் சுற்றுலாக் கட்டணமாக 10 அமெரிக்க டாலர் ரொக்கமாகத் தரவேண்டும். சில்லறையாக வைத்திருங்கள். ஆனால் ஏறுமிடத்தில் விமான நிறுவன ஊழியருக்கு இந்த விசா விதி தெரிந்திருக்காது. விதியின் அச்சுப்படி, திரும்பும் பயணச்சீட்டு, தங்குமிட முன்பதிவு மூன்றும் தாளாகக் கையில் இருக்கட்டும். இன்னொன்று, அமெரிக்க விசா திரும்பி நுழையவும் செல்லுபடியாக வேண்டும். ஒற்றை நுழைவு விசாவை ஃப்ளோரிடாவில் இறங்கும்போதே செலவழித்துவிட்டால் திரும்பும் வழி அடைபடும்.

---

ஒற்றைத்திண்ணை எழுதியது:

"வேண்டாம்" கட்சி நான்தான். காரணமும் கேளுங்கள்.

அமெரிக்க வெளியுறவுத் துறை ஹைட்டியை நான்காம் நிலையில், அதாவது "போகாதீர்கள்" என்ற உச்ச எச்சரிக்கையில் வைத்திருக்கிறது. அந்த எச்சரிக்கை முழு நாட்டுக்கும்தான், வடக்குக்குத் தனி மதிப்பெண் கிடையாது. இதனால் முதலில் அடிபடுவது காப்பீடு. சாதாரணப் பயணக் காப்பீட்டில் "அரசு தடுத்த நாடு" என்ற விலக்கு வரி இருக்கும். மலையில் கால் முறிந்தால் ஃப்ளோரிடாவுக்குத் தூக்கிப்போகும் மருத்துவ விமானத்தின் செலவு உங்கள் தலையில் விழும். "மருத்துவ வெளியேற்றம்" என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. ஹைட்டிக்குச் செல்லுமா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டாவது, ஹைட்டியில் இந்தியத் தூதரகம் கிடையாது. டொமினிக்கன் தலைநகர் சாந்தோ டொமிங்கோவில் உள்ள தூதரகம்தான் ஹைட்டியையும் கவனிக்கிறது. 2024 மார்ச்சில் "ஆபரேஷன் இந்திராவதி" என்ற பெயரில் இந்திய அரசு தன் குடிமக்கள் 12 பேரை முதல் கட்டமாக டொமினிக்கன் நாட்டுக்குக் கொண்டுபோனது. நாடு எவ்வளவு வேகமாக மூடிக்கொள்ளும் என்பதற்கு அது ஓர் அளவுகோல்.

---

வடகரை எழுதியது:

திண்ணைக்காரர் சொன்னதில் ஒரு வரியையும் மறுக்கவில்லை. சேர்த்துச் சொல்வது இவ்வளவுதான்: தலைநகரில் நடப்பதும் ஓகாப்–மிலோவில் நடப்பதும் ஒன்றல்ல. ஆனால் தலைநகரில் நடப்பது வடக்கின் எரிபொருள், விமானம், விலைவாசி மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிடும். ஆகவே போகிறவர் திரும்பும் விமானத்துக்கு முன் குறைந்தது இரண்டு நாள் இடைவெளி வைக்க வேண்டும். ஐந்து நாள் தங்கும் செலவை ஏழு நாளுக்குக் கணக்கிட்டு ரொக்கம் எடுத்துக்கொள்ள வேண்டும். புறப்படுமுன் சாந்தோ டொமிங்கோ தூதரகத்துக்குப் பெயர், தேதி, தங்குமிடம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். இந்த மூன்றும் முடியாதென்றால் திண்ணை பேச்சைக் கேளுங்கள்.

---

கூழாங்கல் எழுதியது:

ரொக்கம் என்றதும் ஞாபகம் வந்தது. ஹைட்டியில் வெளியூர்க்காரர் ஏமாந்தார் என்ற கதைகளில் பாதி ஏமாற்றே அல்ல, கணக்குக் குழப்பம்.

நாட்டு நாணயம் கூர்ட், பேச்சில் "கூட்". ஆனால் விலை சொல்லும்போது பலர் "டாலர்" என்பார்கள். அது அமெரிக்க டாலர் அல்ல, "ஹைட்டி டாலர்". அப்படி ஒரு தாளோ காசோ கிடையாது. அது வாய்க்கணக்கு மட்டுமே, 5 கூர்ட் சேர்ந்தால் ஒரு ஹைட்டி டாலர். ஒரு காலத்தில் ஓர் அமெரிக்க டாலருக்கு 5 கூர்ட் என்று நிலையாகக் கட்டி வைத்திருந்தார்கள். அந்தக் கட்டு அவிழ்ந்து பல வருடமாகியும் நாக்கு விடவில்லை.

இப்போது ஓர் அமெரிக்க டாலர் 130 கூர்ட் அளவில். மோட்டோக்காரர் (வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்) "இருபது டாலர்" என்றால் ஹைட்டிக் கணக்கில் 100 கூர்ட், ஒரு அமெரிக்க டாலருக்கும் கீழே. அமெரிக்கக் கணக்கில் 2600 கூர்ட். இருபத்தாறு மடங்கு வித்தியாசம்! சண்டை வராமல் என்ன செய்யும்?

கேட்க வேண்டிய கேள்வி: "கோன்பியென் கூட்?" (எத்தனை கூர்ட்?). பதில் டாலரில் வந்தால் "டோலா ஆயிசியென்?" (ஹைட்டி டாலரா?) என்று ஒரு தடவை உறுதிப்படுத்துங்கள். இன்னும் நல்லது, கைபேசியில் எண்ணைத் தட்டிக் காட்டுவது.

தாள்: அமெரிக்க டாலரில் 1, 5, 10 தாள்கள் நிறைய. ஓரம் கிழிந்த, பேனா கோடு விழுந்த தாளைத் திருப்பித் தந்துவிடுவார்கள். கூர்ட்டில் 50, 100, 250 தாள்கள் கைவசம் வேண்டும். பணம் எடுக்கும் இயந்திரத்தை மிலோவில் நம்ப வேண்டாம், மாற்றுவதை எல்லாம் ஓகாப்பிலேயே முடியுங்கள். (100 கூர்ட் தாளைத் திருப்பிப் பாருங்கள், நீங்கள் ஏறப்போகும் கோட்டை அதில் இருக்கும்.)

---

நடைவண்டி எழுதியது:

கூழாங்கல், இந்த 26 மடங்கு விஷயம் எந்தக் கையேட்டிலும் இவ்வளவு தெளிவாக இல்லை. நன்றி.

இனி ஏற்றம். ஓகாப்பிலிருந்து கோட்டை வரை படிப்படியாக யாராவது சொல்ல முடியுமா?

---

வடகரை எழுதியது:

ஓகாப் – மிலோ சுமார் 20 கி.மீ. தெற்கு நோக்கிச் சமவெளியில் போகும் சாலை. மூன்று வகை வண்டி: டாப்டாப் (சாயம் பூசிய சிறு லாரி, பின்னால் இரண்டு பலகை), மோட்டோ, அல்லது நாள் வாடகைக் கார். டாப்டாப் நிரம்பினால்தான் நகரும். காலை ஆறரைக்கு ஏறி உட்கார்ந்தாலும் ஏழேகாலுக்குக் கிளம்பலாம். இரண்டு பேர் என்றால் நாள் வாடகைக் கார் பிடிப்பதே என் பரிந்துரை. காரணம் வசதியல்ல. மாலையில் மிலோவிலிருந்து திரும்பும் டாப்டாப் குறையும். இருட்டில் அந்தச் சாலையில் விளக்கில்லாத வண்டிகளும் மாடுகளும்தான்.

மிலோ ஊர் ஒரே நேர்த்தெரு. தெரு முடியும் இடத்தில் சான்-சூசி. நுழைவுச்சீட்டு அங்கே, மலையடிவாரத்தில்தான் வாங்க வேண்டும். அரண்மனைக்கும் கோட்டைக்கும் சேர்த்த சீட்டு அது. மேலே போனபின் கேட்பார்கள், கிழித்த துண்டைத் தொலைத்தால் இன்னொருமுறை பேச்சு நடக்கும்.

அங்கிருந்து கோட்டைக்குச் சுமார் 8 கி.மீ. கல் பாவிய மலைப்பாதை. இரண்டு துண்டாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் துண்டு ஷுவசேல் என்ற மேல் நிறுத்துமிடம் வரை, இதில் கார், மோட்டோ ஏறும். இரண்டாவது, கடைசி இரண்டு கி.மீ. அளவு, அங்கே கால் அல்லது குதிரை. முழுவதும் நடந்தால் ஏற இரண்டரை மணி நேரம், இறங்க ஒன்றரை. ஏறும் உயரம் 800 மீட்டர் போல. ஷுவசேலிலிருந்து மட்டும் நடந்தால் முக்கால் மணி நேரம் போதும். ஆனால் அந்த முக்கால் மணிதான் மொத்தத்திலும் செங்குத்து.

மோட்டோ விஷயம். 125 சிசி வண்டி ஓட்டுநரோடு இரண்டு பேரை ஏற்றினால் கடைசி வளைவுகளில் மூச்சுவிடும். இறங்கும்போது அதைவிட மோசம், ஈரக் கல்லில் முன்சக்கரம் வழுக்கும். ஆளுக்கு ஒரு வண்டி பிடியுங்கள். ஏறுவதும் இறங்குவதும் இடப்பக்கம். வலப்பக்கம் புகைக்குழாய், கெண்டைக்காலில் அது வைக்கும் சூடு ஆற வாரக்கணக்காகும். தலைக்கவசம் அங்கே கிடைக்காது.

---

தோல்செருப்பு எழுதியது:

குதிரை பற்றி ஒரு வரிகூட இல்லையே, வடகரை அண்ணா.

ஷுவசேலில் வண்டி நிற்குமுன்பே கதவைச் சுற்றிப் பத்துப் பேர். உங்களுக்கு "குதிரை வேண்டாம்" என்றாலும் ஒருவர் குதிரையோடு பின்னாலேயே வருவார். பாதி வழியில் மூச்சு வாங்கும் என்று அவருக்குத் தெரியும். அது அவர் தொழில். அதில் கோபப்பட ஒன்றுமில்லை.

பிரச்சினை வேறு. ஒரு குதிரைக்குக் கடிவாளம் பிடிப்பவர் ஒருவர், பின்னாலிருந்து தள்ளுபவர் இன்னொருவர். விலை பேசுவது முதலாமவரிடம். மேலே போனதும் இரண்டாமவர் தனியாகக் கை நீட்டுவார். அவரும் ஏறித்தான் வந்திருக்கிறார், அவர் கேட்பது நியாயம்தான். ஆகவே ஏறுமுன் மூன்று விஷயத்தை முடியுங்கள்: எத்தனை ஆட்கள், போக மட்டுமா போகவர இரண்டுமா, எந்த நாணயம். அன்பளிப்பைத் தனியே எடுத்து வைத்து இறங்கியபின் கொடுங்கள். மேலே வைத்துக் கொடுத்தால் திரும்பும்போது குதிரை இருக்காது.

குதிரைகள் சிறியவை. 80 கிலோவுக்கு மேல் இருந்தால் ஏறாதீர்கள். சேணத்தைத் தூக்கி முதுகைப் பாருங்கள், புண் இருந்தால் வேறு குதிரை கேளுங்கள். நாலு பேர் இப்படிக் கேட்டால் ஐந்தாவது வாரம் அந்தப் புண்ணுக்கு ஓய்வு கிடைக்கும்.

நடப்பவர்கள்: "மேசி, ம்வென் ப்ரால் அ பியே" (நன்றி, நடந்தே போகிறேன்). சிரித்துக்கொண்டு ஒரு முறை. நின்று விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அது பேரம் என்று அர்த்தமாகிவிடும்.

வழிகாட்டி ஒருவர் வேண்டும். அடிவாரத்தில் அடையாள அட்டையோடு இருப்பவரைப் பிடியுங்கள். பெரும்பாலும் பிரெஞ்சு, சிலருக்கு ஆங்கிலம். ஒருவரைப் பிடித்துவிட்டால் மற்ற ஒன்பது பேரை அவரே பார்த்துக்கொள்வார். கட்டணத்தில் பாதி வேலை அதற்குத்தான்.

---

மதில்பூனை எழுதியது:

வழியும் விலையும் ஆயிற்று. மேலே போய் எதைப் பார்ப்பது என்று யாரும் சொல்லவில்லை. பலர் வாசலில் படமெடுத்து, பீரங்கியில் உட்கார்ந்து, நாற்பது நிமிடத்தில் இறங்கிவிடுகிறார்கள். குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் காரணம். 1804 ஜனவரி 1 அன்று அடிமைகளாக இருந்தவர்கள் பிரான்சை வென்று விடுதலை அறிவித்தார்கள். பிரெஞ்சுக் கப்பல்கள் திரும்பி வரும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. கடற்கரைக் கோட்டை முதல் நாளே விழும், ஆகவே உள்நாட்டு மலைமுகட்டில் கடைசி அரண் ஒன்று வேண்டும். வேலை 1805-இல் தொடங்கி 1820 வரை நடந்தது. கட்டியவர் ஆன்ரி கிறிஸ்தோஃப், 1811-இல் வடக்குக்குத் தன்னை அரசனாக அறிவித்தவர். 20,000 பேர் வரை வேலை செய்ததாகச் சொல்வார்கள். கூலிக்கு விரும்பி வந்த கூட்டமல்ல அது, கட்டாய உழைப்பு. அந்தக் கசப்பை வழிகாட்டிகளே மறைக்காமல் சொல்வார்கள்.

இடம் 900 மீட்டர் உயரம். மதில் சில பக்கம் 40 மீட்டர். வடக்கு முனை கப்பலின் முகப்பு மாதிரி கூராக நீட்டிக்கொண்டிருக்கும். பாதையில் முதலில் தெரிவது அதுதான். பலர் அதை அழகுக்கு என்று நினைக்கிறார்கள். நேர்ச்சுவரில் குண்டு முழு விசையோடு விழும், சாய்ந்த முகத்தில் வழுக்கிப்போகும்.

உள்ளே கவனிக்க வேண்டியது மூன்று. ஒன்று, பீரங்கிகள். 365 என்று கணக்கு. ஹைட்டி தானாக வார்த்தது ஒன்றுமில்லை. பிரெஞ்சு, ஆங்கிலேய, ஸ்பானிய அரச முத்திரைகள் குழாயின் மேற்புறத்தில் இருக்கும். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி கைவிளக்கைப் பிடித்தால் எழுத்து தெரியும். நேரே அடித்தால் ஒன்றும் தெரியாது. வெண்கலத்தில் பச்சைப் பாசி நிறம், இரும்பில் துரு. வெண்கலத்தில் தூக்கும் பிடிகள் மீன் வடிவத்தில் இருப்பதைத் தேடுங்கள்.

இரண்டு, தண்ணீர். கூரைகள் சாய்ந்திருப்பது மழையைத் தொட்டிகளுக்குக் கொண்டுபோக. 5000 பேர் ஓராண்டு முற்றுகையைத் தாங்கும்படி உணவும் நீரும் என்று திட்டம். அந்த முற்றுகை வரவேயில்லை. கோட்டை ஒரு நாளும் தாக்கப்படவில்லை.

மூன்று, முற்றத்துக் கல்லறை. 1820 ஆகஸ்டில் கிறிஸ்தோஃபுக்குப் பக்கவாதம் வந்தது. படை கலைந்தது. அக்டோபர் 8 அன்று சான்-சூசியில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். உடலை இரவோடிரவாக மேலே தூக்கி வந்து புதைத்தார்கள்.

வெள்ளிக் குண்டால் சுட்டுக்கொண்டார், வீரர்களின் விசுவாசத்தைக் காட்ட ஒரு படையைக் கொத்தளத்திலிருந்து நேரே நடக்கச் சொல்லிக் கீழே விழவைத்தார், சாந்தில் மாட்டு ரத்தம் கலந்தார்: இவை சொல்லப்படும் கதைகள். கதையாகக் கேளுங்கள்.

பாதுகாப்பு: மேல்தளத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத இடங்கள் உண்டு. பின்னால் நடந்தபடி படமெடுக்காதீர்கள். பாசி படிந்த படியில் தோல் அடிச் செருப்பு வேலைக்காகாது (பெயரைச் சொல்லவில்லை, தோல்செருப்பு நண்பரே!).

---

தோல்செருப்பு எழுதியது:

பூனைக்கு ஒரு திருத்தம், அல்லது ஒரு குறை. எல்லாரும் கோட்டையையே பேசுகிறீர்கள். சான்-சூசியை இறங்கும்போது கால் மணி நேரத்தில் பார்ப்பது அநியாயம். 1810 முதல் 1813 வரை கட்டியது, 1842 மே 7 நிலநடுக்கத்தில் இடிந்தது. அதே நடுக்கத்தில் ஓகாப் நகரமும் தரைமட்டம். கூரையில்லாத சுவர், இரட்டைப் படிக்கட்டு, அரசன் கீழே அமர்ந்து நீதி சொன்னதாகக் காட்டப்படும் கைமித் மரம்.

அந்தப் பெயரை வழிகாட்டி "கவலையற்ற இடம், ஜெர்மனியிலும் இதே பெயரில் அரண்மனை உண்டு" என்று முடித்துவிடுவார். ஆப்பிரிக்காவில் பிறந்த ழான்-பத்தீஸ்த் சான்-சூசி என்ற கிளர்ச்சித் தளபதியைப் பற்றிக் கேளுங்கள். விடுதலைப் போரின்போது கிறிஸ்தோஃபுக்குப் பணிய மறுத்தவர், கிறிஸ்தோஃபின் ஆட்களாலேயே கொல்லப்பட்டவர். கொன்றவர் கட்டிய அரண்மனைக்குச் செத்தவரின் பெயர். தற்செயலா, வேண்டுமென்றே வைத்ததா? இதைக் கேட்டால் நல்ல வழிகாட்டி உட்கார்ந்துவிடுவார், ஒரு மணி நேரம் போகும்.

அருகிலுள்ள வட்டத் தேவாலயத்தின் பெரிய குவிமாடத்தைப் பழைய படங்களில் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். 2020 ஏப்ரலில் தீப்பிடித்துக் குவிமாடம் விழுந்துவிட்டது.

---

மதில்பூனை எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வரிசை மாறக்கூடாது: காலையில் கோட்டை, பிற்பகலில் சான்-சூசி. பத்து, பதினொரு மணிக்குமேல் கடல்காற்று கொண்டுவரும் ஈரம் முகட்டில் மேகமாகக் கட்டிக்கொள்ளும். கொத்தளத்தில் நின்றால் எதிர்ச்சுவர்கூடத் தெரியாது. எட்டரைக்கு மேலே இருந்தால் சமவெளியும் ஓகாப் வளைகுடாவும் தெரியும். மேகம் வந்துவிட்டால் உடனே இறங்காதீர்கள், இருபது நிமிடம் உள்ளறைகளைப் பாருங்கள். கிழிந்து கிழிந்துதான் போகும்.

---

இலைச்சோறு எழுதியது:

சைவம் பற்றி. ஹைட்டியில் சைவம் என்ற கருத்தே குறைவு, ஆனால் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

"ம்வென் ப மான்ஜே வியான்" (இறைச்சி சாப்பிடமாட்டேன்) என்று மட்டும் சொன்னால் கோழி வரும். பலருக்கு "வியான்" என்றால் மாடு, ஆடு, பன்றி. "நி பூல், நி ப்வாசோன்" (கோழியும் வேண்டாம், மீனும் வேண்டாம்) என்று சேர்த்துச் சொல்லுங்கள். "லெகிம்" என்ற பெயரைப் பார்த்துக் காய்கறி என்று மகிழாதீர்கள், கத்தரிக்காய், சௌசௌ மசியலுக்குள் மாட்டிறைச்சித் துண்டு இருக்கும். சோறும் பயறும் சேர்ந்த "டிரி கோலே" பார்க்கச் சைவம். ஆனால் அடியில் பன்றிக்கொழுப்போ கோழிச்சாறுக் கட்டியோ போகும். கட்டி விஷயத்தில் சுத்த சைவர்களுக்குத் தப்பிக்க வழி சமைக்குமுன் சொல்வது மட்டும்தான். மதியச் சாப்பாட்டைக் காலையிலேயே, ஏறுமுன் சொல்லிவிட்டுப் போங்கள். மிலோவில் லாகூ லாகாய் என்ற பண்பாட்டு மையம் முன்சொன்னால் சமைத்துப் போடும். அப்படிச் சொல்லி வைத்தால் வடக்குக்கே உரிய கருங்காளான் சோறு "ஜோன்ஜோன்" கட்டி இல்லாமல் கிடைக்க வாய்ப்புண்டு.

பெரும்பாலும் பயமின்றிச் சாப்பிடக்கூடியவை: பனான் பேசே (வாழைக்காயைத் துண்டாக்கிப் பொரித்து, தட்டையாக நசுக்கி மறுபடி பொரிப்பது), மலாங்கா கிழங்கை அரைத்துப் பொரித்த ஆக்ரா, பொரித்த ஈரப்பலா. எண்ணெய் மீனுக்கும் அதேதான் என்பதை மனம் ஏற்றால். கூடவே பிக்லீஸ்: கோஸ், கேரட், கொடூரமான உருண்டை மிளகாய் எல்லாம் புளிக்காடியில் ஊறியது. நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும், ஆனால் முதல் நாள் ஒரு கரண்டிக்கு மேல் வேண்டாம்.

மலையேற்றத்துக்குக் கட்டிக்கொண்டு போக: கசாவ், அதாவது மரவள்ளிமாவைக் கல்லில் தட்டிய காய்ந்த ரொட்டி. அதன்மேல் மாம்பா, மிளகாய் போட்டு அரைத்த வேர்க்கடலை விழுது. கெடாது, வயிற்றில் நிற்கும், முழுச் சைவம்.

---

மருந்துப்பெட்டி எழுதியது:

தண்ணீர்தான் முதல் பாடம். 2010-இல் ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்ததால் நாட்டுக்குள் காலரா வந்தது. பல்லாயிரம் பேர் இறந்தார்கள். அடங்கியது என்று நினைத்திருந்தபோது 2022 அக்டோபரில் திரும்பியது. ஆகவே குழாய்த் தண்ணீரில் பல்கூடத் தேய்க்கக் கூடாது. மூடி உடையாத பாட்டில் வாங்குங்கள். தெருவில் விற்கும் பொட்டலத் தண்ணீர் எல்லாம் ஒரே தரமல்ல. ஏற்றத்துக்கு ஆளுக்கு 3 லிட்டர், இறங்கும்வரை. பனிக்கட்டி வேண்டாம்.

உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆளுக்கு ஆறு. தீர்ந்தால்: கொதித்தாறிய 1 லிட்டரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, தலைதட்டி அளந்து போடுங்கள். காலரா வாய்வழித் தடுப்பு மருந்து இரண்டு தவணை, இரண்டு வார இடைவெளி. அதைக் கணக்கிட்டுத் தொடங்குங்கள்.

மலேரியா உண்டு. ஆனால் அங்குள்ள கிருமிக்குக் குளோரோகுயின் இன்னும் வேலை செய்கிறது. வாரம் ஒன்று, போகுமுன் ஒன்றிரண்டு வாரம் தொடங்கி, திரும்பியபின் 4 வாரம். பலர் ஊர் திரும்பியதும் நிறுத்திவிடுகிறார்கள், காய்ச்சல் அப்போதுதான் வரும். அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், கண்ணில் கோளாறு உள்ளவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். டெங்குவுக்கு மாத்திரை இல்லை, பகலிலும் கொசுவிரட்டி. மஞ்சள் காய்ச்சல் சான்று, அந்நோய் உள்ள நாடு வழியாக வந்தால் மட்டும்.

மிலோவிலேயே சாக்ரே-கேர் என்ற பெரிய மருத்துவமனை இருக்கிறது. இவ்வளவு சிறிய ஊருக்கு அது பெரிய ஆறுதல்.

---

யாழ்மணல் எழுதியது:

காலநிலை பற்றி ஒரு சொல். கரீபியன் என்றதும் நவம்பர், டிசம்பர் நல்ல காலம் என்று நினைப்பீர்கள். ஹைட்டியின் வடகரை தலைகீழ். வடக்கிலிருந்து வரும் குளிர்காற்று மழையைக் கொட்டுவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஓகாப் தெருக்களில் வெள்ளம் நிற்பது அப்போதுதான். எங்கள் ஊர் மாரி மாதிரியேதான். பிப்ரவரி, மார்ச் நல்லது.

கூட்டத்தைப் பார்க்க விரும்பினால் ஜூலை 25 பிளேன்-டு-நோர், மறுநாள் 26 லிமோனாட் திருவிழாக்கள், இரண்டும் இதே வட்டாரம். விரும்பாவிட்டால் அதே நாட்களைத் தவிருங்கள். வண்டியும் அறையும் கிடைக்காது.

பேச்சு மரியாதை: எந்தக் கேள்விக்கும் முன் வணக்கம். நண்பகல் வரை "போன்ஜூ", அதன்பின் "போன்ஸ்வா", மதியம் ஒரு மணிக்கும் "போன்ஸ்வா"தான். வணக்கம் சொல்லாமல் விலை கேட்டால் முகம் சுருங்கும், விலையும் ஏறும். தெருவில் "ப்ளான்" என்று கூப்பிடுவார்கள். சொல்லுக்கு வெள்ளை என்று பொருள், பயன்பாட்டில் வெளிநாட்டவர் எல்லாருக்கும். நம் நிறத்தைப் பார்த்தும் அதையேதான் சொல்வார்கள், கிண்டல் அல்ல. ஆளைப் படமெடுக்குமுன் "எஸ்கெ ம் கா ப்ரான் யோன் ஃபோட்டோ?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் கருவியைக் கீழே இறக்கிவிடுங்கள்.

தெற்காசிய முகத்தைப் பார்த்து ஐ.நா. ஆளா என்று யாராவது கேட்கலாம். நேபாளப் படை முகாமிலிருந்து காலரா வந்தது, 2007-இல் நூற்றுக்கு மேற்பட்ட இலங்கைப் படையினர் பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது. "டூரிஸ்" என்று அமைதியாகச் சொல்லுங்கள், போதும்.

---

நடைவண்டி எழுதியது:

எல்லாம் குறித்துக்கொண்டேன். தங்குவது மட்டும் பாக்கி. ஓகாப்பா, மிலோவா?

---

ஒற்றைத்திண்ணை எழுதியது:

ஓகாப். விமான நிலையம் அருகில், மின்னாக்கி உள்ள விடுதிகள் உண்டு. ஏதாவது நடந்தால் நகர நாலு வழி.

---

வடகரை எழுதியது:

எட்டரைக்கு மேலே நிற்க வேண்டும் என்று பூனை சொன்னதை மதித்தால் மிலோ. ஓகாப்பிலிருந்து அந்த நேரத்துக்கு வருவதற்கு ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும், அது இன்னும் இருட்டு. மிலோவில் அறைகள் கொஞ்சம், எளிமையானவை. முன்கூட்டிப் பேசாமல் போகக் கூடாது. மின்சாரம் எப்போதும் இருக்காது, வாளித் தண்ணீர்க் குளியல். முதல் நாள் மதியம் வந்து சான்-சூசி, இரவு தங்கி விடிந்ததும் கோட்டை, மதியம் ஓகாப் திரும்புவது. அப்போது தோல்செருப்பின் ஒரு மணி நேரமும் கிடைக்கும், பூனையின் மேகமும் வராது. வரிசை மாறினால் பூனை பொறுத்துக்கொள்ளட்டும்.

---

மதில்பூனை எழுதியது:

பொறுத்துக்கொண்டேன். தங்குவதென்றால் ஒன்று: அங்கே 110 வோல்ட், தட்டை இரண்டு கால் செருகி. நம் ஊர் உருண்டைக் கால் செருகி நுழையாது. கைபேசி மின்னேற்றி இரண்டு வோல்ட்டிலும் ஓடும், தகவி மட்டும் போதும். நம்மூர் மின்கெண்டி எடுத்துப் போனால் தண்ணீர் கொதிக்க வெகு நேரமாகும். சிம் அட்டை டிஜிசெல் அல்லது நாட்காம், ஓகாப்பிலேயே வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். கைவிளக்குக்கு மாற்று மின்கலம் எடுங்கள். கோட்டைக்கும் அதே விளக்கு, அறைக்கும் அதே விளக்கு.

---

நடைவண்டி எழுதியது:

மிலோவிலேயே ஓர் இரவு, பிப்ரவரியில். காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் இன்றே போகிறது. எழுத்தில் "செல்லும்" என்று பதில் வந்தால்தான் பயணச்சீட்டு. ஒற்றைத்திண்ணை அண்ணா, பதில் என்ன வந்ததென்று இங்கேயே போடுகிறேன்.